மேட்ரிஜெல்லைக் கடைசியாக வாங்குங்கள்: பால்சுரப்பிச் செல்களில் ஹார்மோன் ஏற்பி ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

புதுச்சேரிப் பக்கம் காலாப்பட்டிலோ கோரிமேட்டிலோ பிள்ளையார்குப்பத்திலோ சிதம்பரத்திலோ ஆய்வு மாணவராகச் சேர்ந்திருக்கிறீர்கள். நெறியாளர் ஒரு தலைப்பைக் கொடுத்திருக்கிறார்: செல்லைச் சுற்றியுள்ள மேட்ரிக்ஸ் (புரத வலைப்பின்னல்) மாறும்போது பால்சுரப்பிச் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் ஏற்பிகளின் (அந்த ஹார்மோன்களைப் பிடித்துச் செயல்படும் புரதங்களின்) அளவு எப்படி மாறுகிறது? நல்ல தலைப்புதான். இயல்பான பால்சுரப்பிச் செல்களை வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி குறைந்துவிடுகிறது. லாமினின்-1, கொலாஜன்-4 ஆகிய அடித்தளச் சவ்வுப் புரதங்கள் எலியின் பால்சுரப்பிச் செல்களில் அந்த ஏற்பியின் அளவையும் செயலையும் கட்டுப்படுத்துவதைச் செல் உயிரியலாளர் மினா பிஸ்ஸலின் குழு 2003-இல் வெளியிட்டது. உங்கள் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

தலைப்பு கிடைத்த முதல் வாரமே எல்லோரும் செய்யும் காரியம், அந்த அடித்தளச் சவ்வுப் புரதங்கள் நிறைந்த ஜெல்லான மேட்ரிஜெல்லுக்கு விலைப்புள்ளி கேட்பது. தயவுசெய்து பொறுங்கள். அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். விலை ஐந்து இலக்கம், காலாவதித் தேதி உண்டு, வழியில் சூடேறிக் கட்டியானால் கதை முடிந்தது. அதற்கு முன்னால் சரிப்படுத்த வேண்டியவை ஏராளம். நான் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி அந்த முன்வேலைகளில்தான் போனது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போகச் சொல்கிறேன்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

'ஏற்பி அளவு' என்பதற்குள் மூன்று வெவ்வேறு அளவுகள் ஒளிந்திருக்கின்றன: ஆர்.என்.ஏ., புரதம், வேலை செய்யும் திறன். இவை ஒரே திசையில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லுக்கு எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் பட்டை மங்கிவிடும். ஹார்மோன் ஒட்டிய ஏற்பியைச் செல் தன் புரதச் சிதைப்பு அமைப்பான புரோட்டியசோமுக்கு அனுப்பிச் சிதைத்துவிடுவதுதான் காரணம். அதே செல்லில் புரொஜெஸ்டரோன் ஏற்பி ஏறும், ஏனெனில் அதன் மரபணுவை இயக்குவதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். முதல் பட்டையை மட்டும் பார்ப்பவர் 'ஏற்பி குறைந்துவிட்டது, செல் ஹார்மோனுக்குச் செவிசாய்க்கவில்லை' என்று எழுதுவார். நடந்ததோ நேர்மாறானது.

ஆகவே எந்த மேட்ரிக்ஸிலும் ஹார்மோன் இல்லாமல் ஒரு தொகுதி, ஹார்மோனுடன் ஒரு தொகுதி. இரண்டிலும் இரண்டு ஏற்பிகளையும் அளக்க வேண்டும். இதைக் குறைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். தட்டுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும், செலவும் ஏறும். பரவாயில்லை. திட்ட அறிக்கையிலேயே அந்த எண்ணிக்கையைக் காட்டிவிட்டால் பிறகு பணத்துக்குக் கையைப் பிசைய வேண்டாம்.

2. செல்வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

செல்வரிசை என்பது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் ஒரே வகைச் செல். எம்சிஎஃப்-7, டி-47டி இரண்டும் மார்பகப் புற்றுநோயாளிகளின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் இரு ஏற்பிகளும் உண்டு. டி-47டியில் புரொஜெஸ்டரோன் ஏற்பி அதிகம், எஸ்ட்ராடயால் தராமலே தெரியும். ஹார்மோனால் அது ஏறுவதைக் காட்ட வேண்டுமென்றால் எம்சிஎஃப்-7 வசதியானது. எதிர்மறை ஒப்பீட்டுக்கு எம்டிஏ-எம்பி-231 வேண்டும். அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா இல்லை.

புதியவர்கள் விழும் குழி எம்சிஎஃப்-10ஏ. 'இயல்பான மார்பகச் செல்' என்று பெயர் வாங்கியது, மேட்ரிஜெல்லில் அழகான உருண்டைகளாக வளரும், படம் பார்ப்பதற்குக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கிட்டத்தட்டக் கிடையாது. படத்தின் அழகை நம்பி இந்தத் தலைப்புக்கு அதை வாங்கினால் அளக்க எதுவும் இருக்காது. போதாக்குறைக்கு அதன் ஊடகத்துக்குக் குதிரைச் சீரம், இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, ஹைட்ரோகார்ட்டிசோன், இன்சுலின், காலரா நச்சு என்று ஒரு மளிகைப் பட்டியலே வேண்டும்.

எலியின் செல்வரிசைகளான எஸ்சிபி-2, எச்சி-11 ஆகியவை மேட்ரிக்ஸுக்கு நன்றாக எதிர்வினை காட்டுபவை. லாமினினும் புரோலாக்டினும் சேர்ந்தால் பால் புரதமான பீட்டா கேசீனைச் செய்யத் தொடங்கும் என்பதால் மேட்ரிக்ஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல அடையாளம் கிடைக்கும். இவற்றைப் பெறுவதுதான் சிரமம். ஏற்கெனவே வைத்திருக்கும் ஆய்வகத்தோடு பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும், அதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

பக்கத்து ஆய்வகத் தோழியிடமிருந்து ஒரு குப்பி வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். நட்பு வேறு, செல்வரிசை வேறு. மார்பகப் புற்றுச் செல் என்று பல ஆண்டுகள் ஆய்வுக்கட்டுரைகளில் வலம்வந்த எம்டிஏ-எம்பி-435, பின்னர் தோல் நிறமிப் புற்றான எம்-14 செல்வரிசை என்று தெரியவந்தது. எஸ்டிஆர் மரபணு அடையாளச் சான்றும், மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா) இல்லை என்ற சான்றும் கோப்பில் இல்லாத செல்லை இன்குபேட்டருக்குள் விடாதீர்கள்.

3. காகித வேலை

புணே தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்திலிருந்து வாங்குவது பெரும்பாலானோருக்கு ஏற்ற வழி. வெளிநாட்டுக் களஞ்சியத்திலிருந்து முகவர் வழியாக வரவழைப்பதைவிடச் செலவு மிகக் குறைவு. கோரிக்கைக் கடிதம் நிறுவனத் தாளில், நெறியாளர் கையொப்பத்துடன் போக வேண்டும். செல்லை வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம், வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழியும் வேண்டும். கேட்கும் செல்வரிசை கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள்.

அடுத்தது குழுக்கள். மரபணு மாற்றம் செய்யாத செல்வரிசை என்றாலும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லூசிஃபரேஸ் போன்ற அறிவிப்பு மரபணுவைச் செலுத்தும் எண்ணம் பின்னால் வரலாம் என்றால் இப்போதே அதையும் சேர்த்து எழுதி ஒப்புதல் வாங்குங்கள். எலியிலிருந்து நேரடியாகப் பால்சுரப்பிச் செல் எடுப்பதாக இருந்தால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் பி-படிவம். அறுவைச் சிகிச்சையில் கிடைக்கும் மனிதத் திசு என்றால் மனித நெறிமுறைக் குழு. நோயாளியின் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். 'செல்வெளி மேட்ரிக்ஸ்' என்று படிவத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது. 'அறுவைச் சிகிச்சையில் எடுத்து அப்புறப்படுத்தும் சதையில் சிறு துண்டை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவோம்' என்பது போதும்.

இந்தக் குழுக்கள் தினமும் கூடுவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது, எத்தனை நாளுக்கு முன் படிவம் சேர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு கூட்டம் தவறினால் சில மாதங்கள் போய்விடும்.

கொள்முதலில் இரண்டு விஷயம். குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருள்தான் வேண்டும் என்றால் தனியுரிமைப் பொருள் சான்று (வேறு யாரும் அதைச் செய்வதில்லை என்ற சான்று) இணைக்க வேண்டும். அது இல்லாமல் போனால் மூன்று விலைப்புள்ளி கேட்டுக் கோப்பு திரும்பி வரும். இன்னொன்று, மார்ச் மாதம். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கொள்முதல் ஆணை போடுவார்கள். உங்கள் ஜெல் ஏப்ரல் கடைசியில், கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில், வண்டியில் வரும். அதைவிட மோசமான பருவம் கிடையாது.

4. பார்சல் வரும் நாளைப் பார்த்து ஆணை போடுங்கள்

நமக்கு வரும் குளிர்ப் பொருள்களில் பெரும்பாலானவை சென்னைக்கு வந்து, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ திண்டிவனம் வழியாகவோ சுமார் 150 கிலோமீட்டர் பயணப்படுகின்றன. தூரம் பெரிதில்லை, கூரியர் கிடங்கில் ஓர் இரவு கிடப்பதுதான் ஆபத்து. வியாழன், வெள்ளிக்கிழமைகளில் அனுப்ப வேண்டாம் என்று ஆணையிலேயே எழுதுங்கள். திங்கட்கிழமை சென்னையை விட்டுப் புறப்படுவதே பாதுகாப்பு.

சென்னை முகவர்களுக்குத் தெரியாத ஒன்று: ஆகஸ்ட் 15-க்கு அடுத்த நாளும் புதுச்சேரி அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, சட்டப்பூர்வ இணைப்பு நாள். நவம்பர் 1-ஆம் தேதியும் விடுமுறை, விடுதலை நாள். கடலூரில் இவை சாதாரண வேலை நாள்கள். 'தமிழ்நாட்டில் லீவு இல்லையே' என்று அனுப்பிவிட்டு, பூட்டிய வாசலில் பார்சலை வைத்துவிட்டுப் போவார்கள். நிறுவன அலைபேசி எண்ணோடு உங்கள் எண்ணையும் பெட்டியின் மேல் எழுதச் சொல்லுங்கள்.

பெட்டி வந்ததும் முதலில் படம் எடுங்கள்: உலர்பனி மிச்சம் இருக்கிறதா, குப்பி கெட்டியாக இருக்கிறதா. முகவரிடம் மாற்றுக் கேட்க அந்தப் படம்தான் ஆதாரம். செல் உயிருடன் ஃபிளாஸ்கில் வந்தால் மூடியைத் திறக்காமல் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்; பயணத்தில் உதிர்ந்து மிதப்பவை இருக்கும், பயப்பட வேண்டாம். ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்து, உதிர்ந்தவற்றையும் சேகரித்து வளர்க்கலாம். பெருகியதும் முதல் வேலை குப்பிகளில் உறையவைத்துச் சேமிப்பது. பரிசோதனை அதற்குப் பிறகு.

5. ஒளிந்திருக்கும் ஈஸ்ட்ரோஜனை வெளியேற்றுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். இங்கே பிழை நேர்ந்தால் அதற்குமேல் செய்யும் எதற்கும் பொருளில்லை.

செல் வளர்ப்பு ஊடகத்தின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஃபீனால் ரெட், லேசான ஈஸ்ட்ரோஜன் தன்மை உடையது. 1986-லேயே இது எம்சிஎஃப்-7 செல்லில் காட்டப்பட்டுவிட்டது. சாதாரண மாட்டுச் சீரத்திலும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. ஆகவே ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம், கரியால் வடிகட்டி ஹார்மோன் நீக்கிய சீரம், இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

சீரத்தை விலைக்கும் வாங்கலாம், ஆய்வகத்தில் கரியும் டெக்ஸ்ட்ரானும் கொண்டு நீங்களே வடிக்கவும் செய்யலாம். விலை வித்தியாசம் பெரிது. ஆனால் வீட்டு வடிப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். கரி சில வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்து உறிஞ்சிவிடும். என் கருத்தில், முழு ஆய்வுக்கும் தேவையான சீரத்தை ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்கிப் பிரித்து உறையவைப்பது நல்லது. லாட் மாறினால் ஏற்பியின் அடிப்படை அளவே மாறும்.

செல்களை இந்த ஊடகத்தில் மூன்று நாள் வையுங்கள். தினமும் ஊடகம் மாற்றுங்கள். செல்லுக்குள் தங்கிய ஹார்மோன் மெதுவாகத்தான் வெளியேறும்.

அடுத்த எதிரி பிளாஸ்டிக். சில வகைப் பாலிஸ்டைரீன் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் எம்சிஎஃப்-7 செல்களைப் பெருகச் செய்ததை 1991-இல் கண்டுபிடித்தார்கள். பாலிகார்பனேட் குடுவையை ஆட்டோகிளேவ் செய்தால் பிஸ்ஃபீனால்-ஏ கசியும். ஊடகத்தையும் எத்தனாலில் கரைத்த ஹார்மோனையும் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். அந்தக் கண்ணாடியைக் கழுவும் சோப்பு எது என்றும் கவனியுங்கள். ஆய்வக உதவியாளர் கடையில் வாங்கிய திரவத்தால் தேய்த்திருந்தால் கடைசியில் வடிநீரில் பலமுறை அலசாமல் எடுக்காதீர்கள்.

எஸ்ட்ராடயால் கணக்கு எளிது. மூலக்கூறு எடை 272.4. அதாவது 2.72 மில்லிகிராமை 1 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து, ஒரு மி.லி. ஊடகத்துக்கு ஒரு மைக்ரோ லிட்டர் சேர்த்தால் 10 நானோமோலார்; எத்தனால் 0.1 சதவீதம். ஹார்மோன் இல்லாத தட்டுக்கும் அதே அளவு வெறும் எத்தனால் போட வேண்டும். ஹார்மோன் எடை போடும் அன்று அதே மேசையில் ஒப்பீட்டுத் தட்டுகளைத் திறக்காதீர்கள்.

6. ஒப்பீட்டுத் தட்டுகளை முடிவு செய்யுங்கள்

மேட்ரிஜெல்லில் ஏற்பி கூடியது, பிளாஸ்டிக்கில் குறைந்தது என்று காட்டினால் போதாது. இரண்டுக்கும் இடையில் ஒரே நேரத்தில் மாறியவை பல: லாமினின் இருப்பது, அடித்தளம் மென்மையாக இருப்பது, செல் உருண்டையாவது, பெருக்கம் குறைவது, ஜெல்லுக்குள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி, 'இதில் எது காரணம்?' என்பதாகத்தான் இருக்கும்.

மென்மை சின்ன விஷயமில்லை. இயல்பான பால்சுரப்பித் திசுவின் விறைப்பு சில நூறு பாஸ்கல் அளவில் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு அதைவிடப் பல லட்சம் மடங்கு விறைப்பானது. எனவே:

வெறும் பிளாஸ்டிக் ஒன்று. பிளாஸ்டிக்கின் மேல் லாமினின் மெல்லிய பூச்சு ஒன்று. இதில் லாமினின் உண்டு, மென்மை இல்லை. கொலாஜன்-1 ஜெல் ஒன்று. இதில் மென்மை உண்டு, லாமினின் இல்லை. பாலிஹேமா பூசிய தட்டு ஒன்று. செல் ஒட்டாமல் உருண்டு நிற்கும், மேட்ரிக்ஸ் எதுவும் இல்லை. இவற்றோடு மேட்ரிஜெல். பணம் இருந்தால் ஃபைப்ரோனெக்டின் பூச்சும் சேர்க்கலாம். செல் மேட்ரிக்ஸைப் பற்றிக்கொள்ளும் புரதமான இன்டெக்ரினைத் தடுக்கும் ஆன்டிபாடிகளான ஏஐஐபி-2, ஜிஓஎச்-3 ஆகியவற்றை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொலாஜன்-1 அமிலத்தில் கரைந்து வரும். பனிக்கட்டியின் மேல் வைத்து, பத்து மடங்கு உப்புக் கரைசலும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து நடுநிலைப்படுத்தினால்தான் கெட்டியாகும். செய்முறைகளில் 'இளஞ்சிவப்பு வரும்வரை சேர்' என்றிருக்கும். உங்கள் ஊடகத்தில் ஃபீனால் ரெட் இல்லையே, நிறம் எங்கிருந்து வரும்? பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்து 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் நிறுத்துங்கள். தாளைத் தொட்ட பிப்பெட் முனையை மறுபடி குப்பிக்குள் விடாதீர்கள்.

எல்லாத் தட்டிலும் செல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். செல் நெருக்கமும் ஏற்பி அளவை மாற்றும். ஒட்டாமல் போனவற்றையும் கழித்து, எடுக்கும் நாளில் டி.என்.ஏ. அளவால் சரிபாருங்கள்.

7. இப்போது மேட்ரிஜெல்

மேலே சொன்ன ஒப்பீடுகளில் எம்சிஎஃப்-7 செல் பிளாஸ்டிக்கில் ஹார்மோனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டீர்களா? இனி ஆணை போடலாம்.

இந்த ஜெல் எலியின் இஎச்எஸ் என்ற புற்றுக்கட்டியிலிருந்து வடிக்கப்படுவது. லாமினின் அதிகம், அடுத்து கொலாஜன்-4, என்டாக்டின். சாதாரண வகையில் இஜிஎஃப், ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் இருக்கும். அவை ஹார்மோன் இல்லாமலே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டக்கூடியவை. ஆகவே 'வளர்ச்சிக் காரணி குறைக்கப்பட்டது', 'ஃபீனால் ரெட் இல்லாதது' என்ற இரண்டு சொற்களும் கொள்முதல் ஆணையில் இருக்க வேண்டும். இரண்டாவதை எழுத மறந்தால் இளஞ்சிவப்பு பாட்டில் வந்து சேரும். திருப்பி எடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு தேவை? 24 குழித் தட்டில் குழி ஒன்றுக்கு 120 மைக்ரோ லிட்டர் பரப்பினால் ஒரு தட்டுக்குச் சுமார் 2.9 மி.லி. 10 மி.லி. பாட்டிலில் மூன்று தட்டு. மேலே ஊற்றும் ஊடகத்தில் 2 சதவீதம் கலக்க இன்னும் கொஞ்சம் போகும். எட்டறைக் கண்ணாடித் தகட்டில் அறைக்கு 40 மைக்ரோ லிட்டர் போதும். படம் எடுக்க அதுவே வசதி. புரதம் எடுக்கத்தான் பெரிய தட்டு. இந்தக் கணக்கைப் போட்டு, மூன்று தனித்தனி மீள்செய்கைக்கும் சேர்த்து ஒரே லாட்டில் வாங்குங்கள். லாட்டுக்கு லாட் புரதச் செறிவு மாறும். பகுப்பாய்வுச் சான்றை இறக்கிக் கோப்பில் வையுங்கள்.

வைக்கும் பெட்டி மைனஸ் 20 டிகிரி. ஆனால் தானாகப் பனி நீக்கும் வகை ஃப்ரீசர் கூடாது. அது அவ்வப்போது சூடாகித் தணியும். வீட்டு உபயோக ஃப்ரிட்ஜின் மேல்தட்டை ஆய்வகத்தில் ஃப்ரீசராக வைத்திருக்கிறார்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

உருக்குவது இரவில். தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டி நிரப்பி, பாட்டிலை அதில் புதைத்து, பெட்டியோடு 4 டிகிரி குளிர்பெட்டியில் வையுங்கள். பனிக்கட்டி இல்லாமல் குளிர்பெட்டியில் மட்டும் வைத்தால், யாராவது பத்து முறை கதவைத் திறந்தாலே ஓரங்கள் கட்டியாகிவிடும். முந்தின மாலையே பிப்பெட் முனைகள், குழாய்கள், தட்டு எல்லாவற்றையும் ஃப்ரீசரில் போடுங்கள். மறுநாள் காலை, ஏ.சி. ஓடத் தொடங்கி அறை குளிர்ந்த பிறகு, சிறு பங்குகளாகப் பிரித்து மறுபடி உறையவையுங்கள். ஒரு பங்கு, ஒரு பரிசோதனை. மிச்சத்தை மீண்டும் உறையவைக்கும் சிக்கனம் வேண்டாம்.

பரப்பும்போது பிப்பெட்டின் இரண்டாம் அழுத்தத்தைத் தொடாதீர்கள், குமிழி வரும். மையத்தில் விட்டுக் குழியின் ஓரத்துக்கு முனையால் மெதுவாக இழுங்கள். ஓரத்தில் ஏறிக்கொண்டு நடுவில் பள்ளம் விழுந்தால் நடுவில் உள்ள செல்கள் பிளாஸ்டிக்கைத் தொட்டுத் தட்டையாகப் பரவும். ஒரே குழியில் இரண்டு பரிசோதனை நடக்கும். 37 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு செல்லை அதன் மேல் விட்டு, ஒட்டியதும் 2 சதவீத ஜெல் கலந்த குளிர்ந்த ஊடகம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றம், ஆறிலிருந்து எட்டு நாள் வளர்ப்பு. ஹார்மோன் கடைசி 24 அல்லது 48 மணி நேரத்தில்.

8. எடுப்பதும் அளப்பதும்

மேட்ரிஜெல்லிலிருந்து செல்லை எடுக்க டிரிப்சின் தேவையில்லை. 5 மில்லிமோலார் இடிடிஏ கலந்த பனிக்குளிர் உப்புக் கரைசலை ஊற்றி, பனிக்கட்டியின் மேல் மெதுவாக ஆட்டினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஜெல் கரைந்து உருண்டைகள் அடியில் இறங்கும். கொலாஜன்-1 குளிரில் கரையாது, அதற்குக் கொலாஜினேஸ். எடுக்கும் முறை வேறுபடுவதால், பிளாஸ்டிக் தட்டுச் செல்லையும் ஒருமுறை அதே இடிடிஏ குளியலில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, அளவு மாறவில்லை என்று காட்டுங்கள்.

இனி பெரிய பொறி. வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் புரதத்தை அளந்து சம அளவு ஏற்றுவோம் அல்லவா? ஜெல்லின் மிச்சம் ஒட்டியிருந்தால் அளக்கும் புரதத்தில் ஒரு பகுதி எலியின் லாமினின். நீங்கள் ஏற்றியது 20 மைக்ரோகிராம் என்று நினைப்பீர்கள். அதில் செல்லின் புரதம் எவ்வளவு என்று தெரியாது. ஏற்பி குறைந்ததாகத் தோன்றும். இதற்கு டி.என்.ஏ. அளவை வைத்து ஏற்றுவது ஒரு வழி. உட்கருவில் இருக்கும் ஏற்பி என்பதால் ஹிஸ்டோன் எச்-3-ஐ ஒப்புப் புரதமாக (எல்லா மாதிரியிலும் சம அளவு ஏற்றியதைச் சரிபார்க்கும் புரதமாக) வைப்பது இன்னொரு வழி. பீட்டா ஆக்டின் இங்கே கூடாது. செல்லின் வடிவம் மாறினால் ஆக்டினும் மாறும். இந்த ஆய்வே வடிவத்தை மாற்றுவதுதான். லாமின்-பி-யை வைக்கலாம் என்று தோன்றும், ஆனால் அது 66 கிலோடால்டன் அருகில் ஓடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவும் 66. ஒன்றின் மேல் ஒன்று விழும்.

ஆன்டிபாடி உண்மையாக அந்த ஏற்பியைத்தான் பிடிக்கிறதா என்பதற்கு, எம்சிஎஃப்-7-க்கு 100 நானோமோலார் ஃபுல்வெஸ்ட்ரன்ட் கொடுத்த மாதிரி ஒன்றும் எம்டிஏ-எம்பி-231 ஒன்றும் ஒவ்வொரு பிளாட்டிலும் ஓடட்டும். ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஏற்பியைச் சிதைத்துவிடும். பட்டை அங்கேயும் அப்படியே நின்றால் ஆன்டிபாடியை மாற்றுங்கள். புரொஜெஸ்டரோன் ஏற்பிக்கு ஏ, பி என இரண்டு பட்டைகள் வரும். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள், கூட்டிவிடாதீர்கள்.

ஒளிர்படத்துக்கு வேறொரு சிக்கல். ஜெல் எலியிலிருந்து வந்தது. அதில் எலியின் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடிப் புரதம், ஒட்டியிருக்கும். எலியில் செய்த ஆன்டிபாடி பயன்படுத்தினால் பின்னணி முழுவதும் பளபளக்கும். முயலில் செய்த எஸ்பி-1 போன்ற ஆன்டிபாடியை வாங்குவது மலிவான தீர்வு. கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்புக்கு மையக் கருவிக்கூடத்தில் மணிக்கணக்கில் கட்டணம். வெளி நிறுவன மாணவருக்குக் கூடுதல். செல்லைத் தட்டில் விதைக்கும் அன்றே முன்பதிவு செய்யுங்கள்.

ஆர்.என்.ஏ. அளவுக்கு இரு ஏற்பிகளின் மரபணுக்களான இஎஸ்ஆர்-1, பிஜிஆர் ஆகியவற்றோடு ஈஸ்ட்ரோஜனால் இயங்கும் ஜிஆர்இபி-1, டிஎஃப்எஃப்-1 இரண்டையும் சேருங்கள். ஒப்பு மரபணு ஒன்றுக்கு மேல் வேண்டும்.

ஒரு மீள்செய்கைக்கு ஹார்மோன் நீக்க மூன்று நாள், ஜெல்லில் எட்டு நாள், அளப்பதற்குச் சில நாள் என இரண்டு வாரம் பிடிக்கும். மூன்று மீள்செய்கைக்கு இரண்டு மாதம் என்று நெறியாளரிடம் சொல்லுங்கள். ஆறு வாரம் என்று பேரம் பேசுவார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. மழைக்கால ஏற்பாடு

எட்டு நாள் தொடர் வளர்ப்பை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்ததைக் கடலூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் நாள்கணக்கில் போகும்.

தவிர்க்க முடியாவிட்டால் இன்குபேட்டர் எந்த மின்தொடரில் இருக்கிறது, ஜெனரேட்டர் அந்தத் தளத்துக்கு வருகிறதா என்று மின்பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இரண்டு இருக்க வேண்டும், இரண்டாவது நிரம்பியதாக. திரவ நைட்ரஜன் வண்டி வராமல் போகும் வாரங்களைக் கணக்கிட்டு செப்டம்பர் கடைசியிலேயே கலனை நிரப்புங்கள். ஈரப்பதம் ஏறும்போது பூஞ்சையும் ஏறும். இன்குபேட்டரின் நீர்த்தட்டை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அறை ஜன்னலை யார் திறந்தாலும் சண்டை போடுங்கள்.

வளர்ப்பு முடிந்த தட்டும் ஊடகமும் ஆட்டோகிளேவ் ஆகாமல் வெளியே போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி செல் வளர்ப்புக் கழிவு மஞ்சள் பைக்கும், மாசுபட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கும் போக வேண்டும். மழையில் கழிவு வண்டி இரண்டு நாள் வராமல் இருக்கலாம். பைகளைத் தரையில் வைக்காமல், தேதி ஒட்டி, கதவுள்ள அறையில் மேடையின் மேல் வையுங்கள்.